ஊரின் பள்ளி, அரசின் சம்பளம்

ஆற்காட்டைத் தாண்டி வேலூர் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி இருக்கும் மேல்விஷாரத்தை வெளியூர்க்காரர்கள் தோல் ஊர் என்றே அறிவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் வாழும் நகராட்சி அது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் அந்த ஊருக்குச் சோறு போட்டன. ஆனால், விஷாரத்தைப் பற்றித் தமிழ்நாடு தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறு. 1918இலேயே அந்த ஊர்க்காரர்கள் கூடி மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார்கள். நூறாண்டு கடந்த அந்தச் சங்கம் இன்று பள்ளிகள், 1965இல் தொடங்கிய சி.அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1998இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, பெண்களுக்கான தனிக் கல்லூரி என்று விரிந்து நிற்கிறது. அரசு உதவி பெறுபவையும், சுயநிதியில் நடப்பவையும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஓர் ஊர் தனக்கு வேண்டிய பள்ளியைத் தானே கட்டி, அதன் ஆசிரியர்களுக்கான சம்பளத்தை அரசிடமிருந்து பெற்று, தலைமுறை தலைமுறையாக நடத்தும் இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடம் இருக்கும் பெயர் ‘உதவிபெறும் பள்ளி’. இந்த ஏற்பாடு கவனிப்பாரில்லாமல் தேய்ந்துவருகிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும், காப்பாற்றுவதற்கு அரசும் நிர்வாகங்களும் தங்களுக்கிடையே இதுவரை எழுதிக்கொள்ளாத ஓர் உடன்படிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவில் ‘சார்ட்டர் பள்ளி’ என்று ஒரு வகை உண்டு. அரசுப் பணத்தில் நடக்கும். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காது. ஆனால், அதை நடத்துவது பெற்றோர், ஆசிரியர், தொண்டு அமைப்பு என்று ஏதோ ஓர் உள்ளூர்க் குழுவாக இருக்கும். என்ன கற்பிப்போம், எப்படிச் சேர்ப்போம், சில ஆண்டுகளில் என்ன பலனைக் காட்டுவோம் என்று அந்தக் குழு அனுமதி தரும் அமைப்போடு கால வரையறை உள்ள ஒப்பந்தம் செய்துகொள்ளும். தவணை முடியும்போது கணக்கு ஒப்பிக்க வேண்டும். பலனைக் காட்ட முடியாத பள்ளி ஒப்பந்தத்தை இழக்கலாம். இதற்கான முதல் சட்டத்தை மின்னசோட்டா மாநிலம் 1991இல் இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. கிராமப்புறங்களில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு தங்கள் பள்ளி இணைக்கப்படவிருந்தபோது, பல சிற்றூர்கள் இந்தச் சட்டத்தைக் கையிலெடுத்துப் பள்ளியைத் தாங்களே ஏற்று நடத்தின. பள்ளி போனால் ஊரே கலைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

இதைப் புதுமை என்று நாம் வியக்க வேண்டியதில்லை. 1854இல் வந்த வுட் அறிக்கை மானியம் கொடுத்துத் தனியார் பள்ளிகளை வளர்க்கும் முறையை இந்தியாவில் ஊன்றியது. அன்று முதல் மிஷன்காரர்களும், சமூகச் சங்கங்களும், ஊர்ப் பெரியவர்களும் அந்த மானியத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிகளைக் கட்டினார்கள். வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. மின்னசோட்டா சட்டம் இயற்றிய அதே காலத்தில்தான் தமிழ்நாடு இந்தக் கதவைச் சாத்தியது. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கும் புதிய வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது என்ற முடிவு பின்னர் சட்டத்திலேயே ஏறியது. நிதி நெருக்கடிதான் காரணம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால், அதன் விளைவு கல்விச் செலவு குறைந்ததோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளி தொடங்க விரும்பிய சங்கத்துக்கும் ஜமாஅத்துக்கும் உறவின்முறைக்கும் கட்டணப் பள்ளி என்ற ஒரே வழிதான் மிஞ்சியது. தொண்டாக வந்திருக்கக்கூடிய ஒரு தலைமுறையின் ஊக்கம் மெட்ரிக் பள்ளிகளில் போய்ச் சேர்ந்தது. எங்கோ ஒரு மாநிலம் கண்டுபிடித்ததாகக் கொண்டாடிய ஒன்றை, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள நாம் கைகழுவினோம்.

பாலாற்றங்கரைத் தோல் பகுதியில் உதவிபெறும் பள்ளி ஏற்பாடு என்ன செய்தது என்று பார்க்கலாம். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் வந்தது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் பள்ளியாக வளர்ந்து 1969இல் கல்லூரியும் ஆனது. மேல்விஷாரத்துக் கல்லூரிக்குப் பெயரான நவாப் சி.அப்துல் ஹக்கீம் அதே ஊரைச் சேர்ந்த தோல் வணிகர், 1938இல் மறைந்தவர், சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே வெளியூர்ப் பயணிகள் தங்குவதற்கு சித்திக் சராயைக் கட்டியவர். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பொருளாதார உண்மை உண்டு. தோல் வணிகம் கல்கத்தாவையும் சென்னையையும் லண்டனையும் தொட்ட வணிகம். கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், கப்பல் ரசீதைப் படிக்கவும் ஆள் வேண்டும். பதனிடும் தொட்டியில் இறங்கியவனின் மகன் அந்த நாற்காலிக்கு வர வேண்டுமானால் ஊருக்குள்ளேயே ஓர் உயர்நிலைப் பள்ளி தேவைப்பட்டது. எழுபதுகளில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியதும், முழுத்தோல், காலணி என்று தொழில் மாறியது. தையல் எந்திரமும் வடிவமைப்பும் தரப் பரிசோதனையும் வந்தன. மாறிய தொழிலுக்கு ஓரளவு படித்த கைகள் கிடைத்ததற்கு இந்தப் பள்ளிகளும் காரணம்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. விருதுநகரில் நாடார் உறவின்முறையினர் வணிகத்தில் மகமை என்னும் பொதுப் பங்கைப் பிரித்து 1885இல் க்ஷத்திரிய வித்யாசாலையை நிறுவினார்கள். காமராசர் படித்தது அங்கேதான். முதலமைச்சரானபின் அவர் 1958 முதல் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் துணையோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தச் செய்தபோது, ஊர்க்காரர்கள் மேசை, கரும்பலகை, சுற்றுச்சுவர், மணி என்று பள்ளிகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு என்ற அந்தப் பழக்கத்தை விருதுநகரில் வளர்ந்தவர் கற்றுக்கொண்ட இடம் எது என்று யோசித்தால் விளங்கும்.

ஊரே நடத்தும் பள்ளியால் என்ன ஆதாயம் என்ற கேள்விக்குப் பெண் கல்வியிலிருந்து பதில் சொல்வது சரியாக இருக்கும். வயதுக்கு வந்த மகளைப் பஸ் ஏற்றி வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் தோல் பகுதியில் எல்லாச் சமூகங்களிலும் இருந்தன; இன்றும் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு நின்ற பெண் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதிக்குக் கைத்தையல் போடுவது ஆம்பூர் வட்டாரத்தில் வழக்கமான காட்சி. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வேலைக்குச் சான்று கிடையாது, காப்பீடு கிடையாது. அந்தப் பெண்ணை இன்னும் நான்கு ஆண்டு பள்ளியில் நிறுத்திவைக்கும் வலிமை சட்டத்தைவிட நம்பிக்கைக்கு அதிகம். நிர்வாகத்தில் இருப்பவர் தெருவில் தெரிந்தவர், தலைமையாசிரியை அத்தையோடு படித்தவர், பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, மேலே படிக்க அதே ஊரில் பெண்கள் கல்லூரியும் உண்டு என்னும்போது தகப்பனின் தயக்கம் தளர்கிறது. இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் 2006 அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாக்களில் மட்டும் படிப்பவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்கூட இல்லை என்று காட்டியது. பொதுப் பள்ளிதான் பெற்றோரின் விருப்பம். எட்டும் தூரத்தில், நம்பும்படியாக அது இருக்கிறதா என்பதே சிக்கல்.

இவ்வளவையும் தரும் பள்ளிகளை அரசு எப்படி நடத்துகிறது? சம்பளம் தருகிறது, பாடநூல், சீருடை, மிதிவண்டி தருகிறது, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு தருகிறது. ஆனால், ஒவ்வொரு புதிய திட்டத்திலும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளை வரிசையின் கடைசியில் நிற்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் வந்தது. நகர்ப்புறத்தில் இருப்பவற்றுக்கு 2025 ஆகஸ்டில்தான் கிடைத்தது. அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் ஒரே தெருவிலிருந்து பிள்ளைகள் போகும் ஊரில் இந்த இடைவெளி எவ்வளவு கொடுமையானது! உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்து, 2024 டிசம்பரில்தான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களை எட்டியது.

எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021இலும் வந்த இந்த ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரியது. ஏழ்மைக்கு ஈடுசெய்வது இதன் நோக்கம், நல்ல நோக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வருபவரையும் இந்தச் சட்டம் ஏற்கிறது. தோல் ஷாப்பில் கூலி வேலை பார்ப்பவரின் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை உதவிபெறும் பள்ளியில் படித்தால் ஏற்பதில்லை. அவளுடைய ஆசிரியருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே கருவூலத்திலிருந்து சம்பளம் போகிறது. அவள் வீட்டு வருமானத்துக்கும் அரசுப் பள்ளித் தோழியின் வீட்டு வருமானத்துக்கும் வேறுபாடு இல்லை. ஒதுக்கீட்டை உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரித்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு குறையும் என்ற அச்சம் நியாயமானது. தனியாக ஒரு சிறு பங்கை உதவிபெறும் பள்ளிகளுக்கு வகுத்தால் அந்த அச்சம் தீரும்.

அரசுக்கும் இந்தப் பள்ளிகளுக்கும் இடையே இன்றைக்கு இருக்கும் உறவு சம்பளப் பட்டியலில் தொடங்கிச் சம்பளப் பட்டியலில் முடிகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார். ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்ப நிர்வாகம் அனுமதி கேட்கிறது, கோப்பு நகர்வதற்குள் ஆண்டுகள் கழிகின்றன, பிறகு நீதிமன்றம். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி பணியிட ஒப்புதல், ஊக்க ஊதியம், மானிய நிலுவை பற்றியதாகவே இருக்கும். உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள், இடையில் நின்றவர்கள் எந்தத் தெருக்காரர்கள், நின்றவர்களைத் தேடி யார் போனார்கள் என்று அரசு கேட்பதில்லை, நிர்வாகமும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய பொதுச் செலவு என்ன பலனுக்காகச் செய்யப்படுகிறது என்று ஒரு பக்கத்தாளில்கூட எழுதிவைக்காத ஏற்பாடு இது.

சமயச் சிறுபான்மையினரின் பள்ளிக்குப் பொதுப்பணம் எதற்கு என்ற எதிர்ப்பு அண்மைக் காலத்தில் உரத்துக் கேட்கிறது. இதற்கு அரசமைப்புச் சட்டமே தெளிவான விடை வைத்திருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை 30ஆவது கூறு தருகிறது. அரசு நிதி பெறும் நிறுவனம் எதுவாயினும் மதம், இனம், சாதி, மொழியை மட்டும் காரணம் காட்டி யாரையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 29(2) சொல்கிறது. அங்கே படிக்கும் பிள்ளையை அதன் பாதுகாவலரின் இசைவில்லாமல் சமய போதனையில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று 28(3) சொல்கிறது. 1958இல் கேரளக் கல்வி மசோதா குறித்த கருத்துரையிலேயே, நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. ஆகவே பணம் தருவதா வேண்டாமா என்பது முடிந்துபோன விவாதம். தலித் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை இந்தப் பள்ளியின் வாசலில் எப்படி வரவேற்கப்படுகிறது, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வழி வகுப்பு இருக்கிறதா, உருது வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் வேலை வாய்ப்புக்குப் போதுமான அளவு சொல்லித்தரப்படுகிறதா என்பவைதான் இன்று கேட்க வேண்டியவை. இவற்றுக்கான விடை ஊர் அறிய இருக்க வேண்டும். தோல் பகுதியில் சமூகங்கள் தனித்தனித் தெருக்களில் வாழ்கின்றன. தோல் ஷாப்பில் மட்டும் தோளோடு தோள் நிற்கின்றன. அவர்களின் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் பெஞ்சு பள்ளியில்தான் இருக்க முடியும்.

அடுத்த எதிர்ப்பு கசப்பானது. அதில் உண்மையும் இருக்கிறது. உதவிபெறும் பள்ளி வேலைக்கு லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது என்பது தமிழ்நாட்டில் எந்தச் சமயத்து, எந்தச் சாதி நிர்வாகமானாலும் பொதுவாக அடிபடும் பேச்சு. நேர்மையாக நடத்தும் நிர்வாகங்கள் பல இருக்கின்றன. ஆனாலும் சம்பளம் அரசுடையது, ஆளை எடுப்பது தாளாளர் என்ற ஏற்பாடு ஊழலுக்குத் திறந்த கதவு என்பதை மறுக்க முடியாது. இதற்காக நியமன உரிமையை முழுவதும் அரசு எடுத்துக்கொண்டால் ஊருக்கும் பள்ளிக்கும் உள்ள பிணைப்பு அறும். தகுதி பெற்றவர்களின் பொதுப் பட்டியலிலிருந்து நிர்வாகம் தேர்ந்தெடுக்கலாம். விளம்பரம், விண்ணப்பித்தவர்களின் மதிப்பெண், நேர்காணல் முடிவு ஆகியவை பள்ளிப் பலகையில் ஒட்டப்படலாம். இவை சிறுபான்மை உரிமையைத் தொடுவதில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பு, பணியில் இருப்பவர்களுக்கும் அந்தத் தேர்வைக் கட்டாயமாக்கி இரண்டாண்டு அவகாசம் தந்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் பணியில் நீடிக்க விலக்கு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டது. அந்த விடை வரும்வரை காத்திருக்காமல், தரமான ஆசிரியரையே எடுப்போம் என்று நிர்வாகங்கள் தாமாக முன்வருவது அவர்களுக்கும் மரியாதை.

நிர்வாகங்களிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. உதவிபெறும் பள்ளியை நடத்தும் பல அமைப்புகள், அருகிலேயே கட்டணம் வாங்கும் மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளியையும் நடத்துகின்றன. புதிய கட்டடம், கணினி அறை, ஆண்டு விழா எல்லாம் கட்டணப் பள்ளிக்குப் போய்விடுகின்றன. நிர்வாகிகளின் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். உதவிபெறும் பள்ளி, கட்டணம் கட்ட முடியாதவர்களின் பள்ளி ஆகிவிடுகிறது. ஊர்ப் பெரியவர்களின் பிள்ளைகளும் கூலிக்காரர்களின் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படித்ததால்தான் பழைய பள்ளிகள் ஊரின் பள்ளியாக இருந்தன. தன் மகன் படிக்கும் பள்ளியில் கழிப்பறைக் கதவு உடைந்திருந்தால் ஒரு செல்வந்தர் விட்டுவைக்க மாட்டார். 1991இல் மானியக் கதவு சாத்தப்பட்டதற்கு இந்தப் பிளவில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் பழியை அரசின்மேல் மட்டும் போட்டுவிட்டு நிர்வாகங்கள் ஒதுங்க முடியாது.

சார்ட்டர் பள்ளிகள் அமெரிக்காவிலேயே ஒன்றும் சாதிக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் 17 விழுக்காடு சார்ட்டர் பள்ளிகள் பக்கத்துப் பொதுப் பள்ளிகளைவிடச் சிறப்பாகவும், 37 விழுக்காடு மோசமாகவும், மற்றவை வேறுபாடில்லாமலும் இருந்தன. அதே மையத்தின் 2023 ஆய்வில் நிலை மாறியிருந்தது. சராசரியாக வாசிப்பில் 16 நாள் கற்றலுக்கும், கணிதத்தில் 6 நாள் கற்றலுக்கும் சமமான கூடுதல் முன்னேற்றம் பதிவானது. நகரங்களில் கண்ட முன்னேற்றம் கிராமப்புறங்களில் அந்த அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பள்ளியை அரசிடமிருந்து வாங்கி வேறொருவர் கையில் கொடுத்தாலே பிள்ளைகள் நன்றாகப் படித்துவிடுவார்கள் என்று நம்புபவர்களுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. இடையிலான பதினான்கு ஆண்டுகளில் மோசமான பள்ளிகள் பல மூடப்பட்டதும், தவணை முடிவில் கணக்குக் கேட்ட இடங்களில் மேற்பார்வை இறுகியதும் முன்னேற்றத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன. நாம் அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கு கேட்கும் பழக்கத்தை மட்டுமே. பள்ளிகளை இலாப நிறுவனங்களிடம் ஒப்படைத்த அங்குள்ள சில மாநிலங்களின் வழி நமக்கு வேண்டாம். அரசுப் பள்ளியை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கும் எந்த யோசனையையும் எதிர்க்க வேண்டும்.

மின்னசோட்டாவின் ஹெண்டர்சன் ஊரில் நியூ கன்ட்ரி ஸ்கூல் என்ற சிறிய கிராமப்புறச் சார்ட்டர் பள்ளி இருக்கிறது. 1995 ஆகஸ்டில் அதன் மாணவர்கள் ஆசிரியருடன் ஒரு பண்ணைக் குளத்துக்கு இயற்கையைப் படிக்கப் போனபோது, கால்கள் கோணலாகவும் குறைந்தும் இருந்த தவளைகளைக் கண்டார்கள். எண்ணிக் குறித்துக்கொண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவித்தார்கள். நாடு முழுவதும் ஆய்வு நடந்தது; ஒட்டுண்ணிப் புழு முதல் வேதிப்பொருள் வரை காரணங்கள் பல ஆண்டு விவாதிக்கப்பட்டன. ஓர் ஊர்ப் பள்ளி தன் ஊரின் தண்ணீரைப் பாடமாக எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு அது. பாலாற்றங்கரைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. தோல் ஆலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கண்டதை, 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு பதிவுசெய்தது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர்பிடிக்க அந்த வழக்கும் காரணம். இன்று விஷாரத்திலும் இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடக்கின்றன. ஆனாலும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் வேண்டும் என்று ஆணையிடும் நிலைதான் இருக்கிறது.

இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை அளந்து, மாதந்தோறும் எழுதிவைத்து, பத்தாண்டுக் கணக்காகக் கைமாற்றிக் கொடுத்தால் எந்த அரசுத் துறையிடமும் இல்லாத ஆவணம் ஊரிடம் இருக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு; அதைப் பேசாமல் விட முடியாது. தோல் பகுதிப் பள்ளிகளைக் கட்டிய பணம் தோல் பணம். நிர்வாகக் குழுக்களில் தோல் வணிகர்கள் இருப்பது இயல்பு. பள்ளிச் சுவரை எழுப்பிய கையைப் பள்ளியே கேள்வி கேட்குமா என்ற ஐயம் எழும். கேட்க முடிகிற பள்ளிதான் ஊருக்கு வேண்டும். ஊர் என்பதில் ஆலை முதலாளியும் உண்டு. நிலம் கெட்ட உழவரும் உண்டு. தொட்டியில் கையை நனைப்பவரும் உண்டு. நிர்வாகக் குழுவில் இவர்கள் எல்லோரும் உட்காராதவரை அது ஊரின் ஒரு பகுதி நடத்தும் பள்ளியாகவே இருக்கும். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு, அரசுப் பள்ளிகளில் 2022 முதல் பெற்றோரைத் தலைவராகக் கொண்டு புத்துயிர் பெற்றிருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் தீர்ப்பானதால், உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகளில் பெற்றோருக்கு இந்த இடம் உறுதியாக இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாததை நிர்வாகம் விரும்பிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதை அரசு கூடுதல் நிதியால் ஊக்குவிக்கலாம்.

இருக்கும் பணத்தை அரசுப் பள்ளிகளுக்கே முதலில் செலவிடுங்கள் என்பது கல்வி ஆர்வலர்கள் பலரின் வாதம். அரசுப் பள்ளிதான் கடைசிப் பிள்ளைக்கும் கதவைத் திறக்கும் பள்ளி என்பதால் அந்த வாதத்தை மதிக்க வேண்டும். ஆனால், உதவிபெறும் பள்ளி தேய்ந்தால் அதன் பிள்ளைகள் எல்லோரும் அரசுப் பள்ளிக்கு வந்துவிடுவதில்லை. தோல் பகுதியில் நடப்பது வேறு. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கடன் வாங்கிக் கட்டணப் பள்ளிக்குப் போகிறார்கள். இல்லாத வீட்டுப் பெண்பிள்ளை நின்றுவிடுகிறது. நிலமும் கட்டடமும் ஊர் கொடுத்திருக்க, சம்பளத்தை மட்டும் அரசு ஏற்பது மாநிலத்துக்கு மலிவான ஏற்பாடும்கூட. அதே அளவு பள்ளியை அரசே புதிதாகக் கட்டினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிதித்துறையே இதை ஒப்புக்கொள்ளும்.

அப்படியானால் அந்த உடன்படிக்கையில் என்ன இருக்க வேண்டும்? ஐந்தாண்டுத் தவணை போதும். அரசு தன் பங்குக்கு, காலியிடத்தை ஓராண்டுக்குள் நிரப்ப ஒப்புதல் தர வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அறிவிக்கும் எந்தத் திட்டத்தையும் அதே நாளில் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கும் தர வேண்டும். கல்லூரிச் சேர்க்கையில் அவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். கட்டடப் பராமரிப்புக்கு உண்மையான செலவைத் தழுவிய மானியம் தர வேண்டும். நிர்வாகம் தன் பங்குக்கு, சுற்றுவட்ட ஊர்களின் எல்லாச் சமூகப் பிள்ளைகளுக்கும் திறந்த சேர்க்கை, பலகையில் ஒட்டப்படும் நியமன விவரம், பெற்றோரும் தொழிலாளரும் பெண்களும் அமரும் குழு, இடைநிற்றல் கணக்கு ஆகியவற்றை ஏற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டும். தவணை முடிவில் பலனில்லை என்றால் பிள்ளைகளைத் தெருவில் விடாமல் நிர்வாகத்தை மாற்றும் வழி அதில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட முன்வரும் புதிய பள்ளிக்கு, பின்தங்கிய ஒன்றியங்களிலாவது, 1991இல் சாத்திய கதவைத் திறக்கலாம். இதற்கு 2018ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டத்தில் ஒரு திருத்தமும், அதன் கீழ் விதிகளும் போதும். முதலில் கையெழுத்திடும் பத்துப் பள்ளிகளை அரசு தேடத் தொடங்கினால், பாலாற்றங்கரையில் நூறாண்டு கடந்த கல்விச் சங்கங்களிடமிருந்தே தொடங்கலாம். எதிலும் கட்டாயமில்லாமல், அவர்களாகவே முன்வர அழைக்கலாம்.